சென்ற ஆண்டு வந்த படிகம் இப்போது வர மறுக்கிறது: மருந்து மூலக்கூறு ஆய்வில் ஒரு சிக்கல்

இளவேனில்:

காசநோய்க் கிருமியின் நொதி ஒன்றைத் தடுக்கும் சிறு மூலக்கூறுகளைத் தயாரிக்கும் குழுவில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். எங்கள் வரிசையில் முன்னணியில் நிற்கும் சேர்மம் ஒன்று என்னை அலைக்கழிக்கிறது. பிரிடின் வளையமும் அமைடு தொகுதியும் உள்ள மூலக்கூறு, மூலக்கூறு எடை ஏறத்தாழ 300.

சென்ற ஆண்டு இதை எத்தனாலும் நீரும் கலந்த கரைப்பானில் படிகமாக்கியபோது மெல்லிய ஊசிகளாக வந்தது. உருகுநிலை 128 டிகிரி செல்சியஸ். ஒற்றைப் படிக எக்ஸ் கதிர் ஆய்வில் கட்டமைப்பும் கிடைத்தது. அதன்பின் பலமுறை அதே ஊசிகள். எலிகளுக்குக் கொடுப்பதற்காக அளவைக் கூட்டித் தயாரித்தபோதுதான் முதன்முதலாகத் தகடுகள் தோன்றின. உருகுநிலை 141 டிகிரி. அன்றிலிருந்து எந்தக் கரைப்பானில் முயன்றாலும் தகடுகள்தாம் வருகின்றன. மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்எம்ஆரில் வேறுபாடு இல்லை, அதன் எடையைக் காட்டும் நிறைமாலையிலும் இல்லை. கலவையின் கூறுகளைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சியில் தூய்மை 99 விழுக்காட்டுக்கு மேல்.

நீரில் கலக்கி வாய்வழி கொடுத்தபோது எலிகளின் இரத்தத்தில் மருந்தின் அளவு முன்பு கிடைத்ததில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. செல் சோதனைகளில் மட்டும் முடிவு மாறவில்லை. என் நெறியாளர், முதலில் எழுதிய குறிப்புகள் தவறாக இருக்கலாம் என்கிறார். ஊசிகளின் கட்டமைப்புக் கோப்பு கணினியில் இருக்கிறது; பழைய குப்பி ஒன்றில் கொஞ்சம் தூளும் மிச்சமிருக்கிறது.

பழைய வடிவம் இனி வரவே வராது என்பது நடக்கக்கூடியதா? நடக்கும் என்றால் இந்த மூலக்கூறை வைத்து மேற்கொண்டு என்ன செய்வது?

மரகதம்:

இளவேனில், உங்கள் குறிப்பேட்டை யாரும் சந்தேகிக்க வேண்டியதில்லை. நீங்கள் எழுதியிருப்பதை அப்படியே எடுத்துக்கொண்டால் இது பல்லுருத்தன்மைக்கு, அதாவது ஒரே சேர்மம் வெவ்வேறு படிக வடிவங்களில் வருவதற்கு, உரிய அடையாளங்கள் எல்லாம் பொருந்திய நிகழ்வு. மருந்துகளின் திண்ம வடிவங்களை ஆராயும் பிரிவில்தான் என் பணிக்காலம் முழுவதும் கழிந்தது. இதே கேள்வியோடு, இதே கலக்கத்தோடு வந்த இளைஞர்கள் பலரோடு உட்கார்ந்து பேசியிருக்கிறேன். ஆகவே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

மூலக்கூறு ஒன்றே, அது அடுக்கப்படும் முறை இரண்டு. கரைசலில் எடுத்த என்எம்ஆர் இதைக் காட்டவே காட்டாது, ஏனென்றால் கரைந்த கணத்தில் அடுக்கு கலைந்துவிடுகிறது. நிறைமாலைக்கும் எச்பிஎல்சிக்கும் இதே நிலைதான். செல் சோதனை ஏன் மாறவில்லை என்பதற்கும் விடை இதில் இருக்கிறது. அங்கே சேர்மத்தை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்துத்தானே கொடுக்கிறீர்கள்? ஊசியா தகடா என்பது செல்லுக்குத் தெரிய வழியில்லை. எலியின் குடலிலோ துகள் துகளாகப் போய்ச் சேர்ந்த பிறகே கரைய வேண்டும். நிலைத்தன்மை கூடிய அடுக்கிலிருந்து மூலக்கூறு எளிதில் பிரிந்து வராது. எனவே உங்கள் இரண்டு முடிவுகளும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. இரண்டும் சேர்ந்து ஒரே இடத்தைத்தான் சுட்டுகின்றன.

இப்படி ஒரு வடிவம் திடீரெனத் தோன்றிப் பழையதை விரட்டுவது நடந்திருக்கிறது, அதுவும் சந்தைக்கு வந்துவிட்ட மருந்தில். எச்ஐவிக்கு எதிரான ரிட்டோனாவிர் 1996-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அப்பாட் நிறுவனம் அதை எத்தனாலும் நீரும் சேர்ந்த கரைசலாகக் காப்ஸ்யூலில் அடைத்து விற்றது. மருந்து கரைசலாகவே இருக்கும்போது படிக வடிவத்தைப் பற்றிக் கவலைப்பட என்ன இருக்கிறது என்பது அன்றைய எண்ணம். 200-க்கும் மேற்பட்ட தயாரிப்புத் தொகுதிகள் எந்தக் குறையும் இன்றி வெளிவந்தன. 1998-இல் திடீரென்று காப்ஸ்யூல்கள் கரைதல் சோதனையில் தோற்கத் தொடங்கின. உள்ளே அதுவரை எவரும் கண்டிராத படிகம் படிந்திருந்தது. முதல் வடிவத்தைப் பொறுத்தவரை அந்தக் கரைசலில் இன்னும் கரைய இடம் இருந்தது. இரண்டாம் வடிவத்துக்கோ அதே கரைசல் தெவிட்டுநிலையை எங்கோ தாண்டிய ஒன்று. படிகம் வளரத் தொடங்கும் முதல் கரு உருவாகும் வரைதான் அமைதி. உருவான பின் படிவதைத் தடுக்க எதுவும் இல்லை.

காப்ஸ்யூலைச் சந்தையிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. நோயாளிகள் பலர் கசப்பு மிகுந்த திரவ மருந்துக்கு மாறினார்கள். எய்ட்ஸ் மருந்தை ஒரு வேளையும் தவறவிடக் கூடாது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். இந்தப் பகுதியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. மூலக்கூறில் உள்ள கார்பமேட் என்ற பகுதி எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது, அதனால் ஹைட்ரஜன் பிணைப்பு எவ்வளவு வலுவாகிறது என்ற மிக நுண்ணிய வேறுபாடு, மருந்தை நம்பி இருந்தவர்களின் அன்றாடம் வரை போய்த் தொட்டது. 1999-இல் குளிர்பதனத்தில் வைக்க வேண்டிய மென்காப்ஸ்யூல் வந்தது. குளிர்பதனம் தேவைப்படாத மாத்திரை வர 2010 ஆகிவிட்டது.

உங்கள் கேள்விக்கு நேரே பொருந்தும் பகுதி இன்னொன்று. சிக்கலை ஆராய்ந்த குழுவினர் இத்தாலியில் இருந்த மூலப்பொருள் ஆலைக்குப் போய்வந்தார்கள். அதன்பின் அங்கேயும் இரண்டாம் வடிவம் தலைகாட்டியது. உடையோடும் பொருள்களோடும் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்று கருதப்பட்டது. இது மிகை என்று தோன்றினால் கணக்குப் போட்டுப் பாருங்கள். மூலக்கூறு எடை 300 என்றால் ஒரு மைக்ரோகிராமில் ஏறத்தாழ 2×10^15 மூலக்கூறுகள். பத்து லட்சம் மூலக்கூறுகள் சேர்ந்தால் ஒரு விதைப் படிகம் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், அந்த ஒரு மைக்ரோகிராமுக்குள் 200 கோடி விதைகளுக்கு இடம் இருக்கிறது. ஒரு மைக்ரோகிராம் தூசியை நீங்கள் மேசையில் பார்க்கவே முடியாது.

வரவே வராதா என்று கேட்டீர்கள். வரும். அந்த அடுக்கு இயற்கை விதியால் தடைசெய்யப்பட்டது அல்ல, ஒரு முறை வந்திருக்கிறதே! ரிட்டோனாவிரிலும் இரண்டு வடிவங்களையும் வேண்டியபடி தயாரிக்கும் வழிமுறைகளைப் பின்னர் கண்டுபிடித்தார்கள். மூன்றாவது வடிவம் ஒன்றும் 2022, 2023 வாக்கில், இத்தனை காலம் கழித்து, உருக்கிக் குளிரவைத்தபோது வெளிப்பட்டது. இனிப்பூட்டியான சைலிட்டாலில் 61 டிகிரியில் உருகும் வடிவம் முதலில் கிடைத்தது. 94 டிகிரியில் உருகும் வடிவம் வந்தபின் பழையதைப் பெறுவது பெரும்பாடாகிவிட்டது. படிக வேதியியலாளர்கள் ஜாக் டுனிட்ஸும் ஜோயல் பெர்ன்ஸ்டைனும் 1995-இல் இப்படிப்பட்ட நிகழ்வுகளைத் திரட்டி எழுதினார்கள். அவர்கள் வந்தடைந்த முடிவும் இதுவே: பழைய வடிவத்தை மீண்டும் பெற முடியும், அதற்கான சூழலைக் கண்டுபிடிப்பதுதான் கடினம்.

இப்போது செய்ய வேண்டியது: பழைய குப்பியைத் தகடுகளைக் கையாளும் மேசையில் திறக்காதீர்கள். வேறு அறையில், புதிய கண்ணாடிக் கலங்களோடு திறந்து, தூள் எக்ஸ் கதிர் ஆய்வு எடுங்கள். அரைக்க வேண்டாம். அரைக்கும் வேகத்திலேயே வடிவம் மாறிவிடக்கூடும். ஊசிகளின் கட்டமைப்புக் கோப்பிலிருந்து தூள் வரைவைக் கணினியில் கணித்து, குப்பியிலிருந்து வருவதோடு ஒப்பிடுங்கள். ஒத்துப்போனால் உங்கள் நெறியாளருக்கு வேறு சான்று காட்டத் தேவையில்லை.

தேன்மொழி:

மரகதம் அவர்கள் எழுதியதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் காற்றில் பரவிய விதைக்குப் போவதற்கு முன் பார்க்க வேண்டியவை சில உண்டு. நான் தொகுப்பு வேதியியலில், பெரிய அளவுத் தயாரிப்பில் இருக்கிறேன்.

முதலில், தகடு உண்மையிலேயே அதே சேர்மத்தின் இன்னொரு வடிவமா, அல்லது நீரோ எத்தனாலோ உள்ளே புகுந்துகொண்ட படிகமா? எத்தனாலும் நீரும் உள்ள கரைப்பானில் இது சாதாரணமாக நடப்பது. நீர் சேர்ந்த படிகம் பெரும்பாலும் நீரில் குறைவாகவே கரையும். அதுவும் நீங்கள் கண்டதோடு ஒத்துப்போகிறது. சூடாக்கும்போது எடை குறைகிறதா என்று பாருங்கள். மனச்சோர்வு மருந்தான பாரோக்ஸெட்டினில் நடந்த நீண்ட காப்புரிமை வழக்குகள் இதைப் பற்றியவைதாம்: நீரற்ற வடிவம், அரை நீரேறிய வடிவம், ஒன்று மற்றொன்றாக மாறுகிறதா என்பது.

இரண்டாவது, அளவைக் கூட்டியபோது தூய்மைப்படுத்தும் முறையை மாற்றினீர்களா? முன்பு இருந்த அரை விழுக்காட்டு மாசு ஒன்று தகட்டின் கருவை வளரவிடாமல் தடுத்திருக்கலாம். மாசு போனதும் தகடு வந்துவிட்டது. பல இடங்களில் இதுதான் காரணமாக இருக்கிறது என்பது என் எண்ணம். பழைய தொகுதியின் எச்பிஎல்சி வரைவை அடிக்கோட்டை ஒட்டிப் பெரிதாக்கிப் பாருங்கள்.

மூன்றாவது, துகள் அளவு. ஊசிகள் மெல்லியவை, தகடுகள் தடித்தவை. மேற்பரப்பு குறைந்தாலே கரையும் வேகம் குறையும். பல்லுருவங்களுக்கு இடையே கரைதிறன் வேறுபாடு பொதுவாக இரு மடங்குக்குள்தான் இருக்கும். எலிகளில் கண்ட வீழ்ச்சி முழுவதையும் அடுக்குமுறையின் தலையில் கட்டுவதற்கு முன், தகடுகளை நுண்தூளாக்கி மறுபடி கொடுத்துப் பாருங்கள்.

நிலவன்:

நான் மருந்துக்காரன் அல்லன். சூரிய மின்கலங்களில் ஒளியை உறிஞ்சும் பெரோவ்ஸ்கைட் என்ற படிகப் பொருளின் படலங்களில் வேலை செய்கிறேன். உங்கள் உரையாடலைப் படித்தபோது எங்கள் அறையில் நடப்பதையே வேறு சொற்களில் கேட்பதுபோல இருந்தது, அதனால் எழுதுகிறேன்.

ஃபார்மமிடினியம் காரீய அயோடைடு என்ற சேர்மம்தான் எங்கள் உயிர். கறுப்பாக இருக்கும் வடிவம் சூரிய ஒளியை அள்ளி உறிஞ்சுகிறது. அறை வெப்பநிலையில் நிலையானதோ மஞ்சள் வடிவம், மின்கலத்துக்கு அது பயன்படாது. ஏறத்தாழ 150 டிகிரியில் சூடாக்கிக் கறுப்பை வரவழைக்கிறோம். குளிர்ந்த பின் ஈரம் பட்டால் படலத்தின் ஓரத்தில் மஞ்சள் திட்டு தோன்றிப் பரவத் தொடங்கும். கண் முன்னே நடக்கும், கருவியே தேவையில்லை. 2009-இல் ஜப்பானின் மியாசாகா குழுவின் முதல் கலம் 3.8 விழுக்காடு ஒளியை மின்சாரமாக்கியது. இன்று சிறிய கலங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டிவிட்டன. அந்த வளர்ச்சியின் பெரும்பங்கு, நிலையற்ற வடிவத்தை நிறுத்திவைக்கக் கற்றுக்கொண்டதில் இருக்கிறது. கொஞ்சம் சீசியம் சேர்ப்பது, படிகம் உருவாகும்போது மெத்திலமோனியம் குளோரைடு சேர்ப்பது என்று பல வழிகள்.

தேன்மொழி சொன்ன மாசு எனக்கு இங்கேதான் சுவையாகப் படுகிறது. அது உண்மையென்றால், இளவேனில், உங்களுக்குத் தேவையான நிலைநிறுத்தி பழைய தொகுதியிலேயே இருந்திருக்கிறது. அதைத் தனியே பிரித்து, தூய சேர்மத்தோடு அளந்து சேர்த்துப் படிகமாக்கிப் பார்க்கலாமே.

இளவேனில்:

மூவருக்கும் நன்றி. நீங்கள் சொன்னவற்றில் செய்ய முடிந்ததைச் செய்துவிட்டேன்.

தகடுகளைச் சூடாக்கியபோது உருகும் வரை எடை குறையவில்லை. எனவே நீரும் இல்லை, எத்தனாலும் இல்லை. பழைய குப்பியை வேறு கட்டடத்தில், இந்தச் சேர்மத்தைத் தொட்டிராத தோழி ஒருவர் திறந்து தூள் வரைவு எடுத்தார். ஊசிகளுக்குக் கணித்த வரைவின் எல்லாக் கோடுகளும் இருக்கின்றன. தகட்டின் கோடுகளும் மெலிதாக உடன் தெரிகின்றன. ஊசித் தூளையும் தகட்டையும் சம அளவில் எடுத்து, தெவிட்டிய எத்தனால் கரைசலில் அறை வெப்பநிலையில் இரவு முழுவதும் கலக்கினேன். காலையில் தகடு மட்டுமே இருந்தது.

சூடாக்கும்போது பொருள் உள்வாங்கும் வெப்பத்தை அளக்கும் டிஎஸ்சியில் தகட்டின் உருகு வெப்பமும் ஊசியினுடையதைவிட அதிகம். நுண்தூளாக்கிக் கொடுத்தபோது எலிகளில் மருந்தளவு ஓரளவு ஏறியது, ஆனால் பழைய நிலைக்கு வரவில்லை. எச்பிஎல்சியில் தேன்மொழி அவர்கள் சொன்னபடி பழைய தொகுதியில் ஒரு சிறு முகடு இருக்கிறது, புதியதில் இல்லை. நிறையைப் பார்த்தால் கடைசிப் படியின் துணைவிளைபொருளாகத் தெரிகிறது.

நெறியாளர் இப்போது ஊசியை மீட்கும் வேலையில் முழுமையாக இறங்கச் சொல்கிறார். எலிகளில் நல்ல முடிவு தந்தது அதுதானே என்பது அவர் வாதம். எனக்கும் அந்த ஆசை இருக்கிறது. மரகதம் அம்மா, நீங்கள் என்ன சொல்வீர்கள்?

மரகதம்:

நல்ல வேலை, அம்மா. குறிப்பாக அந்த இரவுக் கலக்கல். பல நிறுவனங்கள் இதைச் செய்யாமல் காலத்தை வீணாக்குவதைப் பார்த்திருக்கிறேன்.

தகடு உயர்ந்த வெப்பநிலையில் உருகுகிறது, உருகு வெப்பமும் கூடுதல், கலக்கலிலும் அது வென்றுவிட்டது. மூன்றும் ஒரே பக்கம் நிற்கின்றன. உருகுநிலை வரை எல்லா வெப்பநிலையிலும் தகடே நிலையானது என்று பெரும்பாலும் கொள்ளலாம். ஐயம் மிச்சமிருந்தால் 5 டிகிரியிலும் 50 டிகிரியிலும் அதே கலக்கலைச் செய்துவிடுங்கள்.

தேன்மொழி சொன்ன மாசு பற்றி நான் அவரோடு உடன்படுகிறேன். உங்கள் முகடு அதை வலுவாக ஆதரிக்கிறது. ஆனால் விதை, மாசு இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதில்லை. மாசு நீங்கியது முதல் தகட்டுக்கு வழிவிட்டிருக்கும், அதன்பின் தகட்டின் துகள்கள் அறை முழுவதும் பரவியிருக்கும். ரிட்டோனாவிரில் இது தலைகீழாக நடந்ததாகச் சொன்னார்கள்: அங்கே சிதைவினால் வந்த ஒரு மாசே இரண்டாம் வடிவத்தின் கருவுக்கு அச்சாக அமைந்திருக்கலாம் என்று. மாசு ஓரிடத்தில் தடுக்கிறது, இன்னோரிடத்தில் தூண்டுகிறது. இந்தத் துறையை நான் இன்னும் நேசிப்பதற்கு இதுவும் காரணம்.

ஊசியை மீட்பதா என்ற கேள்விக்கு வருகிறேன். அறிவியலுக்காக மீட்டெடுங்கள். நிலவன் சொன்னபடி மாசைச் சேர்த்துப் பாருங்கள். தகடு நுழையாத அறையில் பாருங்கள். உருக்கிச் சட்டென்று குளிரவையுங்கள். ஒரு நல்ல கட்டுரைக்குப் பொருள் கிடைக்கும். ஆனால் மருந்தாகக் கொண்டுபோவதற்கு ஊசியை நம்பாதீர்கள். உங்கள் நெறியாளரிடம் இதை நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

நிலவனின் உவமை இங்கேதான் எனக்குப் பொருந்தவில்லை. மின்கலத்தில் நிலையற்ற வடிவத்தைத் தவிர வேறு வழியில்லை, ஏனென்றால் ஒளியை உறிஞ்சும் பண்பு அந்த அடுக்கிலேயே இருக்கிறது. மருந்தின் வேலை மூலக்கூறில் இருக்கிறது. நொதியில் போய் அமர்வது தனி மூலக்கூறு. அடுக்கு அதுவரை கொண்டுசேர்க்கும் வண்டி மட்டுமே. வண்டியை மாற்ற நமக்குப் பல வழிகள் உண்டு. இரவோடு இரவாக மாறிவிடும் வடிவத்தை மாத்திரையாக்கினால் அது ஈரத்திலும் வெப்பத்திலும் கிடங்கில் கிடக்கும் காலம் முழுவதும் நீங்கள் நிம்மதியாக இருக்க முடியாது. ரோட்டிகோட்டின் ஒட்டுப்பட்டை நினைவுக்கு வருகிறது. பார்க்கின்சன் நோய்க்கான அந்த மருந்துப் பட்டையில் படிகங்கள் படர்ந்ததால் 2008-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து எடுத்தார்கள். திரும்பி வந்தது 2012-இல்.

உங்களிடம் பிரிடின் இருக்கிறது என்றீர்கள். அதன் இணை அமிலத்தின் பிகேஏ மதிப்பு (அமிலத்தின் வலுவைக் காட்டும் எண், குறைந்தால் வலு கூடும்) 5 அளவில் இருந்தால், அதைவிட 3 அலகாவது வலுவான அமிலத்தோடு உப்பாக்கிப் பாருங்கள். மீத்தேன்சல்ஃபானிக் அமிலம் நல்ல தொடக்கம். உப்புக்கும் பல வடிவங்கள் இருக்கும், அங்கேயும் முதலிலேயே கலக்கல் சோதனை செய்யுங்கள். வலு குறைந்த கார்பாக்சிலிக் அமிலங்களோடு உப்பு வராவிட்டாலும் இரண்டு சேர்மங்களும் ஒன்றாக அடுக்கப்படும் இணைப்படிகம் வரலாம். பிரிடினும் அமைடும் அதற்கு ஏற்ற கைப்பிடிகள்.

இரண்டாம் வழி, படிகத்தையே விட்டுவிடுவது. ரிட்டோனாவிரின் இன்றைய மாத்திரை இப்படி வந்ததுதான். மருந்தைக் கோபோவிடோன் என்ற பாலிமரோடு சேர்த்து உருக்கிப் பிழிந்து, அடுக்கே இல்லாத கண்ணாடி நிலையில் நிறுத்திவிட்டார்கள். மருந்து தனியே இருந்தால் மீண்டும் படிகமாகும். பாலிமர் சங்கிலிகளுக்கு இடையே சிக்கியிருக்கும்போது நகர இடம் கிடைப்பதில்லை. கோவிட் சிகிச்சையில் நிர்மாட்ரெல்விரோடு சேர்த்துக் கொடுத்த ரிட்டோனாவிர் மாத்திரையும் இந்த வழியில் வந்ததே. உங்கள் சேர்மம் 141 டிகிரியில் சிதையாமல் உருகுகிறது என்றால் உருக்கிப் பிழியும் முறைக்கு ஏற்றது. அதற்கான பெரிய கருவி இல்லாவிட்டால், பாலிமரையும் மருந்தையும் பொதுவான கரைப்பான் ஒன்றில் கரைத்து, வேகமாக ஆவியாக்கிச் சிறிய அளவில் பாருங்கள். படலத்தை வாரம் ஒருமுறை முனைவாக்கப்பட்ட ஒளியில் நுண்ணோக்கியில் வையுங்கள். எங்காவது ஒளிரும் புள்ளி தெரிந்தால் படிகம் திரும்புகிறது என்று பொருள்.

எலி முடிவுகளை எழுதும்போது எந்தத் தொகுதி, எந்த வடிவம், என்ன துகள் அளவு என்பதை ஒவ்வொரு அட்டவணையிலும் போடுங்கள். பழைய எண்களை நீக்கவேண்டாம், அவை ஊசிக்கு உரியவை, அவ்வளவுதான். ஊசியின் கட்டமைப்பைக் கேம்பிரிட்ஜ் படிகத் தரவுத்தளத்தில் சேர்த்துவிடுங்கள், தகட்டினுடையதையும் ஒற்றைப் படிகம் கிடைத்தவுடன் சேருங்கள். குப்பியில் இருப்பதில் பாதியை அந்தத் தோழியின் கட்டடத்திலேயே, உலர்ந்த குளிர்ந்த இடத்தில், மூடி முத்திரையிட்டு விட்டுவையுங்கள். உங்கள் ஆய்வகச் சட்டையோடு அங்கே போகவேண்டாம்.

தேன்மொழி:

ஒரு சிறு சேர்க்கை. அந்தத் துணைவிளைபொருளைப் பிரித்தெடுப்பதைவிட நேரடியாகத் தொகுத்துவிடுவது எளிது. கடைசிப் படியில் என்ன வினைப்பொருள்கள் பயன்படுத்துகிறீர்கள் என்று எழுதினால் அது எதுவாக இருக்கும் என்று சேர்ந்து யோசிக்கலாம். அமைடு உருவாக்கும் படி என்றால் எனக்கு இரண்டு ஊகங்கள் உண்டு.

இளவேனில்:

ஆம், அமைடு உருவாக்கும் படிதான். வினைப்பொருள்களையும் முகட்டின் நிறையையும் இன்று மாலை இங்கேயே எழுதுகிறேன். மீத்தேன்சல்ஃபானிக் அமில உப்பை நாளை தொடங்குகிறேன், தகடு இதுவரை போகாத அறையில்.